மணலிலிருந்து திரைவரை: எமது அரிவரி வகுப்பின் கருவிகள்

பாடசாலை வரலாறு எழுதுவோர் அதிபர்களின் வரிசையையும் கட்டடங்களின் அத்திவாரக் கற்களையும் கொண்டு தொடங்குவதே வழக்கம். இந்த நூற்றாண்டு மலரிலும் அவை வேறு பக்கங்களில் முறையாக இடம்பெற்றுள்ளன. நாம் இங்கே எடுத்துக்கொண்டது அவற்றிலும் மிகச் சிறிய ஒரு விடயம். அரிவரி வகுப்பிலே பிள்ளையின் கையில் என்ன இருந்தது? எதன் மேல் எழுதினாள்? எதைப் பார்த்து வாசித்தாள்? எதைக் கொண்டு எண்ணினாள்?

இக்கேள்வி இப்போது எழுவதற்குக் காரணம் உண்டு. நூற்றாண்டை ஒட்டி ஆரம்பப் பிரிவுக்கு என்ன செய்யலாம் என்று எமது சகோதரிகள் பல நாடுகளிலிருந்தும் கேட்கிறார்கள். பிள்ளைக்கு ஒரு ரப், வகுப்புக்கு ஒரு ஸ்மார்ட் பலகை, எல்லோருக்கும் இணையம் என்று யோசனைகள் வருகின்றன. எல்லாம் நல்ல மனதோடு சொல்லப்படுபவை. ஆனால் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒருமுறைதான் செலவாகும். ஆகவே, யாழ்ப்பாணத்துச் சிறு பிள்ளைகளின் வகுப்புக்குள் புதிய கருவிகள் முன்னர் எப்படி வந்தன, எவை பயன்பட்டன, ஏன் பயன்பட்டன என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நன்று என எண்ணினோம்.

மணலும் ஏடும்

எமது பூட்டிமாரின் காலத்துக்கு முன்பிருந்தே இங்கு திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. சட்டம்பியார் முன்னால் சப்பாணி கட்டியிருந்த பிள்ளை, பரப்பிய மணலிலே விரலால் 'அ' எழுதிற்று. கை பழகிய பின்னரே பனையோலை ஏடும் எழுத்தாணியும் கிடைத்தன. அரிச்சுவடியும் எண்சுவடியும் வாயினாற் சொல்லிச் சொல்லி மனத்தில் ஏறின. இன்றும் விசயதசமி நாளிலே எமது வீடுகளிலும் கோயில்களிலும் பச்சையரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து ஏடு தொடக்குகிறோம். அந்த அரிசி, பழைய மணலின் மிச்சம்.

இந்த மணல் உலகம் சுற்றியது என்பது எம்மிற் பலருக்குத் தெரியாது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதியொன்றை அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் நடத்தி வந்தார். ஒருநாள் உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதை அவர் கண்டார். தமது விடுதியிலும் அதைச் செய்யச் சொன்னபோது அங்கிருந்த ஆசிரியர்கள் அக்கறை காட்டவில்லை. ஆகவே அவர் வயதிற் சற்று மூத்த ஒரு சிறுவனைக் கொண்டே மற்றப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். எமது சட்டாம்பிள்ளை முறைக்கு ஒப்பான அந்த ஒழுங்கைப் பற்றி 1797இல் இலண்டனில் அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பாடசாலைகளுக்குள் நுழைந்தது. மணற்பெட்டியும் கூடவே போயிற்று.

இதிலிருந்து எமக்குக் கிடைக்கும் பாடம் எளியது. காசு செலவில்லாத மணல், கற்பிக்கும் முறையோடு சேர்ந்தபோதுதான் கடல் கடந்தது. மணலை மட்டும் கப்பலேற்றியிருந்தால் எவரும் வாங்கியிருக்கமாட்டார்கள்.

அச்சியந்திரம் வந்தது, பாடம் பின்னர் வந்தது

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கினர். தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் அவர்களின் முதல் நிலையங்கள். அச்சுத் தொழில் தெரிந்த ஜேம்ஸ் கரற் என்பவர் 1820இல் வந்திறங்கினார். அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்த எட்வேர்ட் பாண்ஸ் அவரை இங்கே தங்க விடவில்லை. அச்சியந்திரம் நல்லூரிலிருந்த சேர்ச் மிஷன் கைக்குச் சென்றது. 1834இல் ஈஸ்ற்மன் மைனர் வந்த பின்னரே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் முறையாக இயங்கத் தொடங்கிற்று. 1841இல் 'உதயதாரகை' பத்திரிகை வெளிவந்தது. பாடநூல்களும் வெளிவந்தன.

இதே காலத்தில்தான் பெண்பிள்ளைகளுக்கும் கல்விக் கதவு திறந்தது. 1824இல் உடுவிலில் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட ஊரிலே ஒரு பெண்பிள்ளையின் கையில் ஏடு ஏறியதே பெரிய புதுமை. எம் போன்ற மகளிர் கல்லூரிகள் பின்னர் குடாநாடெங்கும் எழுந்ததற்கு அந்தத் தொடக்கமும் ஒரு காரணம்.

சைவப் பிள்ளைகளின் பக்கத்தில் வேறொரு கதை நடந்தது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டு சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். யந்திரம் வந்துவிட்டது என்று அவர் அமைதி கொள்ளவில்லை. படிநிலைப்படி பிள்ளை வாசிக்கத்தக்க நூல்களைத் தாமே எழுதினார். முதற் பாலபாடம் 1850இலும் இரண்டாம் பாலபாடம் 1851இலும் வெளிவந்தன. சொற்களைப் பிரித்து, வசனங்களைச் சிறிதாக்கி, எளிய பொருளிலிருந்து கடினமான பொருளுக்குப் பிள்ளையை அழைத்துச் சென்ற நூல்கள் அவை. எம்மிற் பலருடைய ஆச்சிமார் அவற்றைப் படித்தே வளர்ந்தார்கள்.

குடாநாட்டில் அச்சியந்திரம் வந்திறங்கிய ஆண்டுக்கும் முதற் பாலபாடம் வெளிவந்த ஆண்டுக்கும் இடையே 30 ஆண்டுகள். யந்திரம் கப்பலிற் சில மாதங்களில் வந்துவிடும். ஒரு சிறு பிள்ளைக்குப் பொருந்தும் பாடம் அப்படி வந்துவிடுவதில்லை. அந்தப் பிள்ளையை அறிந்த ஒருவர் இருந்து எழுதவேண்டும். இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

சிலேற், கொப்பி, வானொலி

எம்மில் மூத்தவர்களுக்குச் சிலேற் நினைவிருக்கும். மரச்சட்டமிட்ட கற்பலகை, கீச்சென்று பல் கூசவைக்கும் சிலேற்றுப் பென்சில். அழிப்பதற்கு ஈரத்துணி கொண்டுவரவேண்டும் என்பது சட்டம். துப்பல் தொட்டு அழித்தது நடைமுறை. ரீச்சரின் கண்ணிற் பட்டால் ஏச்சு. சிலேற்றின் நன்மை, எழுதியதை அழித்து மீண்டும் எழுதலாம் என்பது. அதன் குறையும் அதுவே. வீட்டுக்குப் போகும்போது அம்மாவுக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது. கொப்பி வந்தபோது அந்தக் குறை தீர்ந்தது. ஆனால் பிழைகளும் நிலைத்து நின்றன.

எண்ணுவதற்குப் புளியங்கொட்டையும் சிப்பியும் ஈர்க்குத் துண்டும் இருந்தன. பத்து ஈர்க்கை ஒரு கட்டாகக் கட்டினால் 'பத்து'. கட்டை அவிழ்த்தால் மீண்டும் ஒன்றுகள். இடப்பெறுமானத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவி எதையும் நாம் இன்றுவரை காணவில்லை. சுவரிலே படங்கள், மேசையிலே சொல்லட்டைகள். எல்லாம் ரீச்சர்மார் இராக் கண்விழித்து வெட்டி ஒட்டியவை.

இதே காலத்தில் நாட்டின் கல்வியிற் பெரிய மாற்றங்கள் நடந்தன. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழி என்பதும் அப்போது உறுதியாயிற்று. 1980இலிருந்து பாடநூல்களும் இலவசமாயின. கருவியின் கண்கொண்டு பார்த்தால் இது மிகப் பெரிய விடயம். ஒரே நூல், ஒரே நாளில், பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் கிடைத்தது. பின்னர் வந்த எந்த மின்கருவியும் இந்தச் சமத்துவத்தை இன்னும் எட்டவில்லை.

வானொலியும் வகுப்புக்குள் வந்தது. இலங்கை வானொலியின் கல்விச் சேவையைக் கேட்ட வகுப்புகளில், பெட்டியிலிருந்து வரும் குரலுக்குப் பிள்ளைகள் வாய் திறந்து பதில் சொன்னார்கள். ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் அதைப் பாடமாக்கியது வகுப்பிலிருந்த ரீச்சர்தான். என்ன கேட்டீர்கள், யார் சொன்னது, ஏன் அப்படிச் சொன்னார் என்று அவர் கேட்ட கேள்விகளே மனதில் நின்றன.

மின்சாரம் இல்லாத ஆண்டுகள்

1990இல் யாழ்ப்பாணம் மின்சாரத்தை இழந்தது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் மண்ணெண்ணெயும் அரும்பொருள்களாயின. உலகம் கணினியைப் பற்றியும் இணையத்தைப் பற்றியும் பேசத் தொடங்கிய அதே ஆண்டுகளில், எமது பிள்ளைகள் ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் இட்டு ஏற்றிய விளக்கின் ஒளியிலே படித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுழற்றி, டைனமோவால் வானொலி கேட்டோம். 'உதயன்' பத்திரிகை கோடிட்ட கொப்பித் தாளிலும் அச்சாகி வந்தது. பத்திரிகைக்கே கொப்பித் தாள் என்றால் கொப்பிக்கு எங்கே போவது? பழைய கொப்பிகளில் எழுதாமல் விட்ட தாள்களைக் கிழித்துத் தைத்துப் புதுக் கொப்பி செய்தோம். ஒரு பென்சிலை இரண்டாக முறித்து இரு பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தது. தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் மரநிழல்களின் கீழ் வகுப்புகள் நடந்தன. கரும்பலகை கிடைக்காத இடத்தில் நிலத்து மண்ணிலே தடியால் எழுதிக் காட்டினார்கள். நாற்றாண்டுப் பழைமையான முறை, வேறு வழியின்றித் திரும்பி வந்தது. அங்கும் பிள்ளைகள் எழுத்துக் கற்றார்கள். இன்று வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆசிரியையாகவும் உலகெங்கும் இருக்கும் எமது மாணவிகள் பலர் அந்த மரநிழல் வகுப்புகளிலே அரிவரி படித்தவர்கள்.

இல்லாமையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஆண்டுகளில் எமது பிள்ளைகள் இழந்தவை அதிகம். அவர்கள் பல்கலைக்கழகம் சென்றபோது முதன்முதலாகக் கணினியின் முன் அமர்ந்து, மற்ற மாவட்டத்துப் பிள்ளைகள் எப்போதோ பழகிவிட்டதை அங்கே தொடங்கவேண்டியிருந்தது. அந்த இடைவெளி இனியொரு தலைமுறைக்கு நேரக்கூடாது என்பதில் எமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. கேள்வி, அதை எப்படி நிரப்புவது என்பதே.

தமிழ் கணினிக்குள் நுழைந்த கதை

தமிழ் எழுத்து யந்திரத்துக்குள் புகுந்த வரலாற்றில் யாழ்ப்பாணத்துக்கு நல்ல பங்கு உண்டு. சுண்டிக்குளியைச் சேர்ந்த ஆர். முத்தையா இளவயதில் மலாயா சென்றவர். 247 எழுத்துக்களையும் ஒரு சிறு விசைப்பலகைக்குள் அடக்குவது எப்படி என்று அவர் சிந்தித்து உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறி ஜேர்மனியிலே தயாராகி வந்தது. தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அவரை அழைக்கிறோம்.

கணினிக் காலத்தில் இப்பணி மலேசியாவில் முத்து நெடுமாறன், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, சுவிற்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் எனப் பல நாட்டுத் தமிழர்களின் கைகளில் வளர்ந்தது. எமது பாடசாலைகளிற் பழகியது 'பாமினி' எழுத்துரு. வினாத்தாளை அதிலே அடித்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக்களின் குவியலாகவே தெரியும். ஒருங்குறி பரவிய பின்னரே எங்கு அடித்த தமிழும் எங்கும் தமிழாகத் தெரிந்தது.

அதன் மேல் எம்மவர் கட்டியவை சிறப்பானவை. வண்ணார்பண்ணையிற் பிறந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன், 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிய காலத்திலிருந்து அதை வளர்த்தவர்களில் முதன்மையானவர். 2005இல் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் தொடங்கிற்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த ஊரிலிருந்து வந்தவர்களுக்கு, ஒரு பழைய நூலைப் படம்பிடித்து எவரும் எங்கிருந்தும் வாசிக்க வைப்பதன் பொருள் என்னவென்று விளக்கத் தேவையில்லை. பழைய பாடசாலை மலர்கள் பலவும் அங்கே உள்ளன.

ஆனால் இவையெல்லாம் வளர்ந்தோருக்கானவை. ஆறு வயதுப் பிள்ளைக்கு, அவள் பேசும் தமிழிலே, அவளுடைய பாடத்துக்கு ஏற்ப, திரையில் என்ன இருக்கிறது? அச்சியந்திரம் வந்திறங்கி முதற் பாலபாடம் வெளிவராதிருந்த காலத்தின் நிலைமை மீண்டும் வந்துள்ளது. யந்திரம் வந்துவிட்டது. பாடம் இன்னும் முழுதாக வரவில்லை.

தொற்றுக்காலப் பள்ளி

இதை எல்லோரும் கண்ணாற் கண்டது கொரோனாக் காலத்தில். 2020 மார்ச் 13ஆம் திகதி முதல் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. சில வாரங்களுக்குள் எமது ஆரம்பப் பிரிவு ஆசிரியைகளின் கைத்தொலைபேசிகள் வகுப்பறைகளாயின. வட்ஸ்அப்பிலும் வைபரிலும் வகுப்புக்கொரு குழு. காலையில் ரீச்சரின் குரற்பதிவு, மாலையில் கொப்பியின் படம், இரவில் ரீச்சர் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்துத் திருத்தம். தேசிய இணையத் தளமான 'ஈ-தக்சலாவ'வில் பாடங்கள் இருந்தன. நேத்ரா தொலைக்காட்சியில் 'குருகுலம்' நிகழ்ச்சி வந்தது. இவை உதவின. ஆனால் முதலாம் தரத்துப் பிள்ளை தேடியது தன் ரீச்சரின் குரலை.

அந்த ஆண்டுகளில் இலங்கையிற் கணினி உள்ள வீடுகள் நான்கில் ஒன்றைக்கூட எட்டவில்லை என்று அரச புள்ளிவிபரங்கள் காட்டின. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்பது அப்பாவின் கைத்தொலைபேசி. அப்பா வேலைக்குப் போனால் பள்ளிக்கூடமும் போய்விடும். அவர் வந்த பின், அக்காவின் சாதாரண தரப் பாடம் முடிந்த பின், தங்கையின் முறை. டேற்றாக் காசு முடிந்தால் அன்றைய பாடமும் முடிந்தது. சமிக்ஞை தேடி மரத்திலும் குன்றிலும் ஏறிய பிள்ளைகளின் படங்களை நாட்டின் பிற பகுதிகளிலிருந்தும் கண்டோம். 2021 ஜூலையில் ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டை எதிர்த்து இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபோது ஓர் உண்மை நாடறிய வெளிப்பட்டது. அதுவரை அந்த முழு வகுப்பறையும் ஆசிரியர்களின் சொந்தத் தொலைபேசியிலும் சொந்தச் செலவிலுமே நடந்திருந்தது.

அதைத் தொடர்ந்து 2022இன் நெருக்கடி. மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. தாள் இல்லாமையால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. கொப்பி விலை பெற்றோரை நடுங்கவைத்தது. தெற்கிலிருந்தவர்கள் முதன்முறை கண்டதை நாம் இரண்டாம் முறை கண்டோம். மின்சாரத்தையும் இணையத்தையும் மட்டும் நம்பிய பாடம் எத்தனை எளிதில் நின்றுவிடும் என்பதை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்றைய வகுப்பறையில்

இப்போது எமது குடாநாட்டின் ஆரம்பப் பிரிவுகள் பலவற்றில் திரையும் ஒளியெறி கருவியும் உள்ளன. சில இடங்களில் ரப்களும் உள்ளன. எவை பயன்படுகின்றன என்று ஆசிரியைகளைக் கேட்டால் அவர்கள் சொல்பவை விலையுயர்ந்த கருவிகளின் பெருமையை அல்ல, சின்னச் சின்ன உபாயங்களை.

முதலாவது, குரற்பதிவு. வாசிக்கத் தயங்கும் பிள்ளையைத் தனியே வாசிக்கவிட்டுப் பதிந்து, அவளுக்கே போட்டுக் காட்டுவது. 'ல'வும் 'ள'வும் 'ழ'வும் எங்கே தடுமாறுகின்றன என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கிறாள். ஒரு மாதத்தின் பின் மீண்டும் பதிந்தால் வளர்ச்சி காதிற் கேட்கிறது. இதற்கு ஒரு பழைய தொலைபேசியே போதும்.

இரண்டாவது, படக்கருவி. சுற்றாடற் பாடத்துக்காகப் பிள்ளைகள் பாடசாலை வளவுக்குள் சென்று வேம்பு, பூவரசு, முருங்கை ஆகியவற்றின் இலைகளைப் படம் பிடிக்கிறார்கள். திரையிலே பெரிதாக்கி நரம்புகளைப் பார்க்கிறார்கள். பின்பு கொப்பியில் வரைந்து இரண்டு வசனம் எழுதுகிறார்கள். திரை பத்து நிமிடம், கொப்பி அரை மணி நேரம். 1990களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்று மூன்றாகப் பிரித்த ஒழுங்குக்குள் இது நன்றாகப் பொருந்துகிறது.

மூன்றாவது, எழுத்துப் பழக்கும் செயலிகள். கண்ணாடியில் விரலால் 'அ'வை வரையும்போது பிள்ளைகள் மகிழ்கிறார்கள். மணலிற் செய்ததையே திரையிற் செய்கிறார்கள். ஆனால் விரலாற் பழகிய பிள்ளைக்குப் பென்சிலைப் பிடிக்கும் பலம் தானாக வருவதில்லை. அதற்குப் பென்சில்தான் வேண்டும். ஆதலால் செயலியைத் தொடக்கத்துக்கு வைத்துக்கொண்டு விரைவிலே பென்சிலுக்கு மாற்றுகிறார்கள்.

இங்கேதான் மொழிச் சிக்கல் வருகிறது. கிடைக்கும் தமிழ்ச் செயலிகளிற் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலே செய்யப்பட்டவை. அவற்றில் பழத்தின் படத்தைக் காட்டி 'பப்பாளி' என்கிறது குரல். எமது பிள்ளைக்கு அது பப்பாசி. அங்கே 'சோப்பு', இங்கே சவர்க்காரம். அங்கே 'நோட்டு', இங்கே கொப்பி. அங்கே 'ஜன்னல்', இங்கே யன்னல். பெரிய பிள்ளை இரண்டையும் அறிந்துகொள்வது செல்வம். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கோ, தான் வீட்டிற் பேசும் சொல் பிழை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. தமிழ்நாட்டாரைக் குறைகூற இடமில்லை. அவர்கள் தம் பிள்ளைகளுக்குச் செய்தார்கள். எம் பிள்ளைகளுக்கு நாம் செய்யவேண்டும்.

வெளிநாட்டு அனுபவம் ஒன்றும் இங்கே கவனிக்கத்தக்கது. தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாடு, பிள்ளைக்கொரு மடிக்கணினி என்ற திட்டத்தின் கீழ் லட்சக்கணக்கான கணினிகளைப் பகிர்ந்தது. 319 கிராமப் பாடசாலைகளை ஒப்பிட்டு அமெரிக்க நாடுகளின் அபிவிருத்தி வங்கி 2012இல் வெளியிட்ட ஆய்வு, கணிதத்திலோ மொழியிலோ பிள்ளைகளின் தேர்ச்சி கூடியதற்குச் சான்று இல்லை என்றது. கணினி பிள்ளையின் கைக்குப் போயிற்று. அதைக் கொண்டு என்ன கற்பிப்பது என்பதில் ஆசிரியருக்குப் போதிய துணை கிடைக்கவில்லை. எமது 1820ஆம் ஆண்டின் கதைதான், வேறு கண்டத்தில்.

நூற்றாண்டுக் கொடைக்கு ஒரு விண்ணப்பம்

இந்த வரலாற்றைப் படித்தபின் எமது சகோதரிகளிடம் நாம் கேட்க விரும்புவது இதுதான். கருவி வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கையே கருவிக்கு வைத்து, அதனிலும் பெரிய பங்கைப் பாடத்துக்கும் ஆசிரியைக்கும் வையுங்கள்.

பாடத்துக்கு என்பது, எமது பிள்ளைகளின் தமிழிலே சிறுவர் கதைகளையும் குரற்பதிவுகளையும் உருவாக்குவது. இதற்கு வெறுங்கையோடு தொடங்கவேண்டியதில்லை. பெங்களூரிலுள்ள பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் பல உள்ளன. எவரும் பதிவிறக்கவும் அச்சிடவும் சொற்களை மாற்றவும் அதன் உரிமம் இடங்கொடுக்கிறது. பப்பாளியைப் பப்பாசியாக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நாமே புதிய கதைகளையும் சேர்க்கலாம். பனங்காய்ப் பணியாரம் சுடும் ஆச்சி, கீரிமலைக் கேணி, நயினாதீவுக்குப் போகும் வள்ளம், வல்லைவெளிக் காற்று ஆகியவை கதையாக வேண்டாமா? ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிற் படிக்கும் எமது பேரப்பிள்ளைகளுக்கும் அதே கதைகள் பயன்படும். ஓய்வுபெற்ற எமது ஆசிரியைகள் பலர் இன்னும் தெளிந்த குரலோடு இருக்கிறார்கள். அவர்கள் வாசித்துப் பதிந்து வைத்தால் அக்குரல் அவர்களுக்குப் பின்னும் வகுப்பில் ஒலிக்கும். இந்தப் பணிக்குப் பணத்தைவிட நேரமே அதிகம் வேண்டும். நேரத்தை எந்த நாட்டிலிருந்தும் அனுப்பலாம்.

ஆசிரியைக்கு என்பது, பயிற்சியும் செலவும். கருவியைத் தந்துவிட்டு அரை நாள் விளக்கத்தோடு நின்றுவிடாமல், ஓர் ஆண்டு முழுவதும் மாதம் ஒருமுறை கூடிப் பேச ஒழுங்கு வேண்டும். இணையக் கட்டணமும் திருத்தச் செலவும் அவர்களின் சம்பளத்திலிருந்து போகக்கூடாது. பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்பது கருவி வரும் முன்னரே தெரிந்திருக்கவேண்டும். பல பாடசாலைகளில் அன்பளிப்பாக வந்த கணினிகள் உறைபோட்டபடியே கிடப்பது இந்த ஒரு சிறு ஒழுங்கு இல்லாததாலேயே. பாடங்கள் யாவும் இணையம் இன்றியும் இயங்கத்தக்கவையாகவும், மின்சாரம் போனால் அச்சிட்ட தாளிலும் நடத்தத்தக்கவையாகவும் இருக்கவேண்டும். 1990ஐயும் 2022ஐயும் கண்ட ஊர் இந்த முன்னெச்சரிக்கையை மறக்கலாகாது.

எந்தக் கருவி வந்தாலும் வகுப்பிலே கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையையும் நினைக்கவேண்டும். வீட்டில் தொலைபேசி இல்லாத பிள்ளைக்கு வீட்டிற் செய்யும் திரைப்பாடம் கொடுக்கக்கூடாது. வகுப்புக்கு ஐந்து ரப் இருந்தால் ஐவர் குழுக்களாகச் சுற்றிவரச் செய்யலாம். ஒரு பிள்ளைக்கு ஒன்று என்று கணக்குப் பார்த்து, பாதிப் பேருக்குக் கிடைத்து மீதிப்பேர் பார்த்திருப்பதைவிட அது மேல். இலவசப் பாடநூல் எமக்குக் கற்பித்த நீதி இது.

எமது சங்கத்தின் நூறு ஆண்டுகளில் கல்லூரிக்குக் கட்டடங்கள் தந்தோம், தளபாடங்கள் தந்தோம், புலமைப்பரிசில் நிதி தந்தோம். அடுத்த நூற்றாண்டின் முதற் கொடையாக ஒரு புதிய பாலபாடத்தைத் தருவோமானால், எம் பின்னே வரும் சிறுமியர் அதை வாசித்தே எழுத்தறிவார்கள். எழுத விரும்புவோரும், வாசித்துப் பதிய விரும்புவோரும், படம் வரைய விரும்புவோரும் தத்தம் கிளைச் செயலாளர்களிடம் பெயரைப் பதிந்துகொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறோம்.